ரிட்டன் போட்டாச்சு

1

வரிக் கணக்கைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர், "அதை எவன் படிப்பான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஊரில் இருப்பவர்களுக்கு வெளிநாடு என்றால் கடற்கரையும் பச்சை மலையும் படமெடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் வாழ்க்கையில் பாதி, வந்த கடிதத்துக்குப் பதில் எழுதுவதிலேயே போகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. இவர் லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். நான் தௌரங்காவுக்கு வெளியே ஒரு கிவிப் பழக் கிடங்கில் தரம் பிரிக்கிற வரிசையில் நிற்கிறேன். மார்ச் முதல் ஜூன் வரை சீசன். பழம் உருண்டு வந்துகொண்டே இருக்கும். வடு விழுந்தது, கோணிப் போனது, சின்னது என்று கை தானாகப் பொறுக்கிப் போடும். தோவாளைச் சந்தையில் பூவைக் கூறு பிரிக்கும் பெண்களைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே பிரிப்பார்கள். இங்கே நின்றுகொண்டே பிரிக்க வேண்டும், காதில் அடைப்பான் வேறு.

அப்படி ஒரு சீசன் நடுவில்தான் அந்தக் கடிதம் வந்தது. உங்களுக்கு வெளிநாட்டில் வருமானம் இருப்பதாக எங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது, அதை ஏன் காட்டவில்லை என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். இந்த ஊரில் மரியாதையாக எழுதினால்தான் பயப்பட வேண்டும். இவர் அதைப் படித்துவிட்டு, "பாத்துக்கலாம்" என்று அலமாரிக்குள் வைத்தார். இந்த மனிதர் பாத்துக்கலாம் என்று வைத்தவை எல்லாம் அந்த அலமாரிக்குள்தான் இருக்கின்றன, 2019-இல் வந்த பல் ஆஸ்பத்திரி பில் உட்பட.

ஈஸ்டர் விடுமுறைக்கு வந்த மகள் ஆன்சி அதை எடுத்துப் படித்தாள். அவளுக்கு வயது பத்தொன்பது, வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள். ஐந்து வயதில் இங்கே வந்த பிள்ளை. "அம்மா, இது ஜோக் இல்லை. நீங்க அஞ்சாறு வருஷமா ரிட்டர்ன் போடவே இல்லை," என்றாள். அவள் தமிழ் பேசினாலும் 'ரிட்டர்ன்' மட்டும் இந்த ஊர்க்காரி மாதிரி வாய்க்குள்ளேயே மடித்துச் சொன்னாள்.

2

என்ன வருமானம் என்று கேட்பீர்கள். நெய்யூரில் எங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. இவர் ஷார்ஜாவில் இருந்தபோது கட்டியது. அதில் ஷீபா என்று ஒரு நர்ஸ் பெண் குடும்பத்தோடு ஆறு வருடமாக வாடகைக்கு இருந்தாள். பக்கத்து வீட்டில் என் அக்கா வசந்தா. அத்தான் இறந்த பிறகு அவள் தனி. அம்மா அவளோடுதான். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து கட்டிலை விட்டு இறங்குவதில்லை. ஷீபா கொடுக்கும் வாடகை நேரே அக்கா கைக்குப் போகும். அம்மாவின் மருந்து, டயப்பர், பகலில் வந்து போகும் உதவிக்காரப் பெண் எல்லாம் அதில்தான் நடந்தது. அந்த வாடகையில் நாங்கள் ஒரு டீ குடித்ததில்லை.

இதை வரிக் கணக்கு எழுதித் தரும் ஒரு அம்மாளிடம் போய்ச் சொன்னோம். அவர் ஃபிஜியில் பிறந்த இந்தியப் பெண்மணி. எங்கள் முகத்தைப் பார்த்ததும் இந்தியில் தொடங்கிவிடுவார். எங்களுக்கு இந்தி தெரியாது என்று மூன்று முறை சொல்லியாயிற்று; ஒவ்வொரு முறையும் புதிதாக ஆச்சரியப்படுகிறார். "பணம் யார் கைக்குப் போனால் என்ன, வீடு உங்கள் பெயரில், வாடகை உங்கள் வருமானம்," என்றார்.

புதிதாகக் குடியேறியவர்களிடம் முதல் நாலு வருடம் வெளிநாட்டு வருமானத்தைக் கேட்க மாட்டார்களாம். அது முடிந்தபின் கேட்பார்களாம். அந்த நாலு வருடம் முடிந்த நாளில் எங்களுக்கு யாரும் மணி அடித்துச் சொல்லவில்லை. நாங்களே முன்வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு விட்டுப்போன ரிட்டன்களை மொத்தமாகப் போட்டுவிட்டால் அபராதம் குறையும் என்றார் அந்த அம்மாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வீட்டுக்கு எப்போதாவது திரும்பிப் போகிற எண்ணம் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு," என்றார் இவர்.

"தெரியாது," என்றேன் நான்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அது படிவத்தில் உள்ள கேள்வி இல்லை, சும்மா கேட்டேன் என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. காரில் வரும்போது இவர் வழி முழுக்க வானொலியைச் சத்தமாக வைத்திருந்தார்.

3

வாடகை விவரம் கேட்க அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்து முடித்து அவள் கொஞ்சம் தலை சாய்க்கிற நேரம். அன்று பேசியதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன். நான் சொன்னது ஒன்று, அவள் கேட்டது வேறொன்று என்பது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

"அக்கா, இந்த வருஷம் ரிட்டன் போடணும்."

"என்னது?"

"ரிட்டன். ரொம்ப வருஷமா போடாம விட்டாச்சு. இனியும் வச்சிட்டு இருக்க முடியாது, கேட்டியா?"

"அவரு என்ன சொல்லுகாரு?"

"அவருதான் இப்பம் மும்முரமா நிக்காரு. மொத்தமா போட்டுருவோம், பின்ன ஒரு தொல்லையும் இல்லைன்னு."

"மொத்தமாவா?"

"மொத்தமாத்தான். துண்டு துண்டா போட்டா ஒவ்வொரு தடவையும் அலையணும்லா."

"ரெண்டு பேருக்குமா ஏட்டி?"

"எனக்குத் தனி, அவருக்குத் தனி. வீடு ரெண்டு பேரு பேருலயும் கெடக்குல்லா."

"அப்பம் ஆன்சிக்கு?"

"அவளுக்கு என்னத்துக்கு? படிக்கப்பட்ட பிள்ளை. அவளுக்கு இப்பம் ஒண்ணும் வேண்டாம்."

"பிள்ளை..." என்று எதையோ தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "எப்பத்துக்குள்ள?"

"ஜூலை தொடக்கத்துல முடிச்சிரணும். அதுக்குள்ள வீட்டுக் காரியம் எல்லாம் நீதான் செரியாக்கித் தரணும். ஒங் கையிலதானே எல்லாம் இருக்கு. வாடகை எவ்வளவு வந்துதுன்னும் ஒரு கணக்கு வேணும்."

"அதை ஷீபாகிட்ட கேளு, அவ போனுல காட்டும். வீட்டுக் காரியத்தை நான் பாத்துக்கிடுதேன் ஏட்டி. நீ ஒண்ணும் நெனைக்காண்டாம்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அக்கா அழுகிறவள் இல்லை. அத்தான் போன அன்றுகூட வந்தவர்களுக்குக் கடுங்காப்பி கிடைத்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். எங்களுக்கு வந்த வரித் தொல்லையை நினைத்து அழுகிறாள் என்று நினைத்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

"அழாத. கொஞ்சம் பைசா போவும், அவ்வளவுதான்."

"பைசா போனா போவட்டு ஏட்டி," என்றாள். "பைசா வரும், போவும்."

4

அதன் பிறகு சீசன் உச்சத்துக்குப் போனது. விடிவதற்கு முன் எழுவது, அரைகுறையாக ஒரு கட்டஞ்சாயா, கிடங்கு, காலில் வீக்கம், வீட்டுக்கு வந்தால் மீன் வாடை பக்கத்து வீட்டுக்குப் போகாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு குழம்பு. மீதி நேரத்தில் வங்கியில் பழைய விவரங்களைக் கேட்டு எழுதுவது. இங்கே எல்லாவற்றுக்கும் கடவுச்சொல். என் அம்மாவின் கன்னிப்பெயர் என்ன என்று ஒரு வங்கி கேட்கிறது. அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பெயர்தான் என்று போனில் ஒரு பையனிடம் விளக்க எனக்குத் தெரிந்த ஆங்கிலம் போதவில்லை.

அக்கா இரண்டு மூன்று முறை கூப்பிட்டாள். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "அவருக்கு மெத்தை இல்லாம ஒறக்கம் வருமா?" என்று ஒருநாள் கேட்டாள். "எதுக்கு கேக்க?" என்றேன். "சும்மா," என்றாள். இன்னொரு நாள், மஞ்சளா வெள்ளையா எது உனக்குப் பிடிக்கும் என்று கேட்டாள். சேலை எடுக்கப் போகிறாளாக்கும் என்று நினைத்து, வெளிர் மஞ்சள் என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. களைத்துப் போனவர்களுக்கு அடுத்தவர் பேச்சு பாதிதான் காதில் விழும். அது என் பக்கத்து நியாயம், வேறு சொல்ல ஒன்றுமில்லை.

5

கணக்கு அம்மாள் வாடகைக்கு ஆதாரம் கேட்டார். ஷீபாவைக் கூப்பிட்டேன்.

"அனுப்புதேன் அக்கா. இப்பம் சாமான் எல்லாம் கட்டுக் கட்டா கெடக்கு, கொஞ்சம் ஒதுங்கினதும் எடுத்து அனுப்புதேன்," என்றாள்.

"என்ன சாமான்?"

"வீடு மாறியாச்சுல்லா. பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முன்ன மாறணும்னு அவசரமா பாத்தோம். திங்கள்சந்தைப் பக்கம் கிட்டுச்சு. கொஞ்சம் சின்னதாக்கும், பரவால்ல. நீங்க வந்த பின்ன ஒருநாள் வந்து பாக்கேன்."

"நான் எங்க வாறேன்?"

"நீங்க மொத்தமா வாறீங்கல்லா? ரிட்டன் போட்டாச்சுன்னு பெரியக்கா சொன்னாங்களே. வீட்டுக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்சு, பாக்கதுக்கு என்னா ஜோரா இருக்கு!" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "பெரியக்காளுக்கு பாஸ்போர்ட்டும் வந்தாச்சு. அனிஷாளுக்கு ஆகஸ்ட்ல பேறுகாலம்லா? நீங்க அம்மையைப் பாத்துக்கிடுவீங்க, தைரியமா மஸ்கட்டுக்குப் போலாம்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்காங்க."

அனிஷா அக்காவின் ஒரே மகள். மஸ்கட்டில் இருக்கிறாள். இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையையும் வைத்துக்கொண்டு தனியாகத் திணறுகிறாள். நீ வரமாட்டியா அம்மா என்று அவள் கேட்பதும், அம்மையை எங்க விடுவேன் மக்கா என்று அக்கா சொல்வதும் எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

போனை வைத்துவிட்டு, கிடங்கின் கார் நிறுத்துமிடத்தில் அப்படியே நின்றேன். எங்கள் பக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். குளச்சலில் இருந்து மார்த்தாண்டம் வரை வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு இல்லை. டிக்கெட் போட்டாச்சா, ரிட்டன் போட்டாச்சா என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு. ரிட்டன் என்றால் ஊருக்கு வருகிற டிக்கெட். மொத்தமாக ரிட்டன் என்றால் விசாவை முடித்துக்கொண்டு பெட்டி படுக்கையோடு வந்துவிடுவது. வருமானத்துக்குக் கணக்கு காட்டுவதற்கும் அதே பெயர் என்று அக்காவுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவளுக்குத் தெரிந்த வரி, பஞ்சாயத்து ஆபீஸில் போய்க் கட்டும் வீட்டுக் கரம். கரத்துக்குக் கணக்கு காட்டணும் அக்கா என்று நான் சொல்லியிருந்தால், எவ்வளவு ஏட்டி என்று கேட்டிருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும். பிறந்ததில் இருந்து என் வாயில் கிடந்த சொல் அது. அன்று அது வரவில்லை. எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வந்தது.

6

இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தார். "செரி, அப்படியே போயிருவோமா?" என்றார். விளையாட்டாகத்தான் தொடங்கினார், ஆனால் கேள்வி முடிகிறபோது விளையாட்டு இல்லை.

"ஆன்சி?"

ஆன்சியிடம் போனில் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். பிறகு, "நீங்க போகணும்னா போங்க அம்மா. ஆனா நான் வீட்டுக்கு வரணும்னா எங்க வருவேன்?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். கணக்கு அம்மாள் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் எனக்குப் பதில் தெரிந்தது. தெரியாது என்று நான் சொன்னது பொய். போக மாட்டோம் என்று எனக்கு முன்பே தெரியும். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்காவிடம் சொல்ல இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். பிறகு கூப்பிட்டேன். அவள் எடுத்ததும் கேமராவைத் திருப்பி மஞ்சள் சுவரைக் காட்டினாள். முன்னறையில் புதிய மெத்தை, பாலிதீன் உறை பிரிக்காமல்.

"அக்கா, நான் ஒரு காரியம் சொல்லணும். அன்னைக்கு ரிட்டன்னு சொன்னேன்லா, அது டிக்கெட் இல்ல."

"பின்ன?"

"அது கரத்துக்க கணக்கு. இந்த ஊருல நமக்க வீட்டு வாடகைக்குக் கரம் கெட்டணும். அந்தக் கணக்கை எழுதிக் குடுக்கதுக்கு இங்க ரிட்டன்னு பேரு."

"கரமா?" என்றாள்.

"கரம்தான்."

அக்கா சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். "என்ன ஏட்டி நீ! கரத்துக்கா நான் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சேன்!" அவள் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். பிறகு இருவருமே நிறுத்தினோம். கேமரா கீழே சாய்ந்து, புதிதாகத் துடைத்த தரை மட்டும் தெரிந்தது.

"ஷீபாளையும் அனுப்பிப் போட்டேனே," என்றாள்.

"பாஸ்போர்ட் எடுத்தியாமே?"

"அது கெடக்கட்டு. ஒரு அடையாளத்துக்கு ஆச்சு." கொஞ்சம் பொறுத்து, "அனிஷாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ அவகிட்ட ஒண்ணும் பேசாண்டாம், கேட்டியா? ஒனக்கு வேலைக்கு நேரமாச்சுல்லா, போ," என்றாள்.

அன்று எனக்கு வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை. அவளுக்கும் அது தெரியும். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எட்டு வருடமாக அம்மாவைத் தூக்கி, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருப்பவள், என் தவறுக்கு என்னை ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்கு அனுப்பிவைத்தாள்.

7

ஜூலை முதல் வாரம் எங்கள் ரிட்டன்கள் போயின. விட்டுப்போன வருடங்கள் எல்லாம் சேர்த்து, எனக்குத் தனி, அவருக்குத் தனி. கணக்கு அம்மாள் இந்தியில் வாழ்த்துச் சொன்னார். தவணையாகக் கட்டலாம் என்று வரித் துறை ஒத்துக்கொண்டது. அலமாரி காலியானது. இவர் அதில் இப்போது ஸ்பானர் வைத்திருக்கிறார்.

அதே வாரம் மேற்பார்வையாளரிடம் போய், சீசன் முடிந்துவிட்டது, சம்பளம் இல்லாமல் மூன்று மாதம் விடுப்பு வேண்டும் என்று கேட்டேன். திரும்பி வந்தால் இதே வரிசையில் இடம் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பரவாயில்லை என்றேன். தவணை கட்டுகிற நேரத்தில் இதெல்லாம் தேவையா என்று இவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "மெத்தையைப் பிரிச்சுப் படு. எனக்கு வேண்டி வாங்கினதுல்லா," என்று மட்டும் சொன்னார்.

டிக்கெட்டை ஆன்சிதான் போட்டுத் தந்தாள். திரையில் மேலே திருவனந்தபுரம் போகிற விமானம், அதன் கீழே 'ரிட்டர்ன்' என்று தலைப்பிட்டு இங்கே வருகிற விமானம். நான் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா, தேதி தப்பா?" என்று கேட்டாள். தேதி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஜூலை கடைசியில் வருகிறேன், மூன்று மாதம் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அனிஷாவிடம் சொல்லி விசாவுக்கு ஏற்பாடு செய், மஸ்கட்டுக்குப் பெட்டி கட்டு என்றேன். முதலில் நம்பவில்லை. இது கரமா டிக்கெட்டா என்று கேட்டாள். டிக்கெட்தான் என்றேன். ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னாள். விமானம், நேரம், இறங்கும் ஊர் எல்லாம் படித்தேன். அம்மாவை எந்தப் பக்கம் புரட்டினால் வலிக்கும், மாத்திரையை எதில் கரைக்க வேண்டும் என்று உடனே சொல்லத் தொடங்கிவிட்டாள். நான் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினேன்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு, குரலை இறக்கிக் கேட்டாள்.

"ரிட்டன் போட்டியா?"

இந்தத் தடவை எந்த ரிட்டன் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"போட்டாச்சு அக்கா. அக்டோபர் கடைசி."

"செரி," என்றாள். "போட்டுட்டே வா. போடாம மட்டும் வராத ஏட்டி. பின்ன எனக்கு மறுபடியும் ஆசை வந்திரும்."